காகம் இல்லாத எலியா

இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயர் வட்டாரத்துப் பழைய மண் உருவங்களை விற்பவர்கள் வாயில் அடிக்கடி வரும் பெயர் ஓபடையா ஷெராட். கால் வைத்த மேசை போன்ற பீடத்தின்மேல் நிற்கும் எதைக் கண்டாலும் 'ஷெராட்' என்று ஒரு சீட்டை ஒட்டிவிடுவார்கள். சீட்டு ஒட்டிய கையோடு விலையும் ஏறிவிடும். பர்ஸ்லெம் நகரின் ஹாட் லேனில் உருவங்கள் செய்த மனிதர்தான் அவர், சந்தேகமில்லை. ஆனால் அவர் பெயர் பொறித்த உருவம் ஒன்றுகூட அறியப்படவில்லை. சாட்சியே இல்லாத வழக்கில் தீர்ப்பு மட்டும் தினமும் வந்துகொண்டிருக்கிறது என்று நான் அலுத்துக்கொள்வது இதனால்தான்.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் நெடுங்காலமாக வசிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பழம்பொருள் சந்தைக்குப் போவது பழக்கமாகி, அங்கே வேதாகமக் காட்சிகளைச் சொல்லும் மண் உருவங்கள்மேல் ஆசை பற்றிக்கொண்டது. பாளையங்கோட்டையில் ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் செய்த வசனங்கள் எனக்கு வேறெந்த வகையில் உதவினவோ தெரியாது, இந்த ஆசைக்கு நன்றாகவே உதவுகின்றன. சந்தையில் கடை போடுபவர்களில் பலருக்கு மண்ணும், அதன்மேல் கண்ணாடி போல் உருகிப் படிந்த மெருகும் அத்துப்படி. எந்த அதிகாரத்தில் எந்தக் கதை என்பது மட்டும் அவர்களுக்கு மறந்துபோயிருக்கிறது.

இவை பிறந்த ஊர்களைப் பற்றி இரண்டு வார்த்தை. பர்ஸ்லெம், ஹான்லி முதலான ஊர்கள் சேர்ந்ததுதான் இன்றைய ஸ்டோக்-ஆன்-டிரென்ட். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1760-இல் பர்ஸ்லெமுக்கு வந்து பிரசங்கித்தார். 1781-இல் ஈனக் வுட் என்ற குயவர் வெஸ்லியை நேரில் உட்காரவைத்து மார்பளவுச் சிலை வடித்தார். 1807-இல் பக்கத்திலுள்ள மோ காப் குன்றில் திறந்தவெளி ஜெபக் கூட்டம் நடந்தது. அதிலிருந்து கிளம்பிய ஆதி மெதடிஸ்ட் இயக்கத்தின் தலைவர்களில் ஒருவரான வில்லியம் கிளௌஸ் பர்ஸ்லெம் குயவர். இப்படிப்பட்ட ஊரில் வேதாகமத்து எலியாவும் ஆபிரகாமும் சூளையிலிருந்து வந்ததில் வியப்பில்லை. சாதாரண வீட்டுக் கணப்படுப்பின் மேல்தட்டுதான் இவற்றின் இருப்பிடம். மாளிகைகளில் வைப்பதற்குப் பீங்கான் உருவங்கள் தனியாக இருந்தன.

ஓர் உருவத்தைக் கையில் எடுத்தால் இரண்டு கேள்விகள் எழும். இது யார்? இதைச் செய்தது யார்? விற்பவர் இரண்டுக்கும் ஒரே மூச்சில் பதில் சொல்லிவிடுவார். நாம் அப்படிச் சேர்த்துக் கேட்கக் கூடாது. முதல் கேள்விக்குப் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். இரண்டாவதற்குப் பல வேளைகளில் கிடைக்காது, கிடைக்காததில் குற்றமும் இல்லை.

முதல் கேள்வியில் மிக அதிகமாகக் குழப்புவது சிங்கம். மனிதனும் சிங்கமும் சேர்ந்து நின்றால் அது யாராகவும் இருக்கலாம். சிங்கத்தின் வாயை இரு கைகளாலும் பிளந்துகொண்டிருந்தால், அவன் தலைமுடியும் நீண்டிருந்தால், சிம்சோன் என்று கொள்ளலாம். நியாயாதிபதிகள் 14-ஆம் அதிகாரம் அவன் கையில் ஒன்றும் இல்லாதிருந்தும் சிங்கத்தைக் கிழித்துப்போட்டான் என்றுதான் சொல்கிறது. ஆகவே கையில் கதாயுதம் இருந்தால் உடனே கிரேக்கத்து ஹெர்குலிஸ் பக்கம் யோசிக்க வேண்டும். கையில் புத்தகம் இருந்து, சிங்கம் காலடியில் வீட்டு நாய் மாதிரி படுத்திருந்தால் அது சுவிசேஷம் எழுதிய மாற்கு. நான்கு சுவிசேஷகர்களையும் வரிசையாகச் செய்து விற்றார்கள். லூக்காவுக்குக் காளை, யோவானுக்குக் கழுகு. அடையாளமாக வரும் பிராணி சிறியது, விளிம்பில் ஒட்டியிருப்பது, ஆகவே முதலில் உடைவதும் அதுதான். கழுகை இழந்த யோவானைச் சந்தையில் 'கவிஞர்' என்று எழுதி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு சிங்கக்காரர் இருக்கிறார். விக்டோரியா காலத்து உருவங்களில், ரோமானியன் போலக் குட்டை அங்கி அணிந்து, சிங்கங்களும் சிறுத்தைகளும் சூழ நிற்கும் ஒருவரைக் கண்டால் பக்தியுள்ளவர்கள் கண்ணுக்கு உடனே, சிங்கங்களின் கெபியில், அதாவது குகையில், போடப்பட்ட தானியேல் தெரிவார். கெபியும் இல்லை, ஜெபமும் இல்லை என்பதைக் கவனிக்க மாட்டார்கள். அவர் ஐசக் வான் ஆம்பர்க் என்ற அமெரிக்க சர்க்கஸ்காரர். 1838-இல் லண்டனுக்கு வந்தார். விக்டோரியா ராணி திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்த வித்தைக்காரர். மேடையில் அவர் அணிந்ததே ரோமானிய உடுப்புதான். தானியேலின் உருவங்களும் உண்மையில் உண்டு என்பதால்தான் இந்தக் குழப்பம் ஒழியாமல் நிற்கிறது. உடுப்பையும் நிற்கும் தோரணையையும் பாருங்கள். விலங்குகளை அடக்கிக் காட்டுபவர் நம்மைப் பார்த்து நிற்பார், கைதட்டலை எதிர்பார்ப்பவர் போல.

குடம் ஏந்திய பெண்ணும் அப்படித்தான். கிணறு இருந்து கிறிஸ்துவும் உடனிருந்தால் சமாரியப் பெண். கிணற்றடியில் தனியாக நின்றால் ரெபெக்காளாக இருக்க வாய்ப்பு அதிகம். தாகத்தால் சோர்ந்த பையன் அருகில் கிடந்தால் ஆகாரும் இஸ்மவேலும். வெறும் குடம் மட்டும் என்றால் அவள் தண்ணீர் எடுத்துப்போகும் சாதாரணப் பெண்ணாகவே இருக்கலாம். அப்படியும் ஏராளமாகச் செய்தார்கள். ஆட்டைத் தோளில் சுமந்த மேய்ப்பன் என்றால் லூக்கா 15-இன் காணாமற்போன ஆடு. ரால்ஃப் வுட் என்ற குயவரின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் பழைய உருவங்களில் இதுவும் ஒன்று. அதே அதிகாரத்தில் வெள்ளிக்காசைத் தேடும் பெண்ணும் தனி உருவமாக வந்தாள். ஆடும் காசும் ஒரே அதிகாரத்தில் அடுத்தடுத்து வருபவை என்பதை அறியாத கடைக்காரர்கள் அவற்றை வெவ்வேறு தட்டில் வைத்திருப்பார்கள், ஒன்று மேய்ப்பன், ஒன்று வேலைக்காரி. எனக்கு அது வசதிதான்.

தலைப்பு பொறித்திருந்தால் வேலை முடிந்தது என்று எண்ண வேண்டாம். இதே ஊர்ச் சூளைகளில் வந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின் உருவங்கள் சிலவற்றில் 'வாஷிங்டன்' என்று எழுதியிருக்கும். எழுதியவருக்கு இருவரும் ஒன்றுதான். வேதாகம உருவங்களில் தலைப்பு பெரும்பாலும் நம்பத்தக்கதாகவே இருக்கிறது, எழுத்துப்பிழை மட்டும் தாராளமாக இருக்கும். மகன் ஈசாக்கைப் பலியிட வாளோங்கும் ஆபிரகாமின் கீழே 'ஆபிரகாம் நிறுத்து' என்ற பொருள்பட இரண்டே வார்த்தை பொறித்த உருவக்குழு உண்டு. ஆதியாகமம் 22-ஐ அதைவிடச் சுருக்க யாராலும் முடியாது.

தலைப்பே இல்லாமல், பெயரே மாறிப்போன உருவத்துக்கு நல்ல உதாரணம் ஈனக் வுட் செய்த பெரிய உருவம். ஏறக்குறைய ஒன்றரை அடி உயரம், அங்கி போர்த்திய மனிதர் கையை நீட்டிப் பேசுகிறார், பக்கத்தில் ஒரு பீடம். இதை நெடுங்காலம் 'ஏதென்ஸில் பிரசங்கிக்கும் பவுல்' என்றே விற்றார்கள். கிரேக்கப் பேச்சாளர் டெமாஸ்தனிஸ் என்றும், பேச்சுக்கலையின் உருவகம் என்றும் இப்போது அழைக்கிறார்கள். இன்றும் மூன்று பெயர்களில் எந்தப் பெயரிலும் ஏலப் பட்டியலில் வரும். பவுலுக்கு உரிய அடையாளமான பட்டயம், அதாவது வாள், அங்கே இல்லை, அதனால் நான் பேச்சாளர் பக்கம். ஆனால் அந்தக் காலத்து மெதடிஸ்ட் வீட்டில் அதை வாங்கி வைத்தவர் பவுல் என்றே நினைத்து வைத்திருந்தால், அவரிடம் போய் வாதாட எனக்கு மனம் வராது.

இனி எலியா. வேதாகம உருவங்களில் மிகச் சாதாரணமாகக் கிடைப்பது இந்த ஜோடிதான்: ஒரு பக்கம் கேரீத் ஆற்றங்கரையில் மரத்தடியில் உட்கார்ந்த எலியா, மறுபக்கம் சாறிபாத் ஊர் விதவையும் அவள் மகனும். இரண்டும் 1 இராஜாக்கள் 17-ஆம் அதிகாரம். காகங்கள் காலையிலும் மாலையிலும் அப்பமும் இறைச்சியும் கொண்டுவந்து எலியாவைப் போஷித்தன. ஆறு வற்றியபின் அவன் விதவையிடம் போனான், அவள் பானையில் மா குறையவில்லை, கலசத்தில் எண்ணெய் குறையவில்லை. உருவத்தில் அந்த மாவுப் பானை, வளையம் போட்ட ஆங்கிலேய மரப்பீப்பாயாக நிற்கும். விதவையை 'அன்பு' என்ற உருவகப் பெண்ணோடு குழப்பிக்கொள்கிறார்கள். அன்பின் உருவத்தில் குழந்தைகள் ஒன்றுக்கு மேல் இருக்கும், பீப்பாய் இருக்காது.

எலியாவிடம் முதலில் தொலைவது காகம். உருவத்தின் உடலை அச்சில் அழுத்தி எடுத்து, கையையும் மரத்தையும் பறவையையும் தனித்தனியே அச்சில் எடுத்து, மண்குழம்பு தடவி ஒட்டுவார்கள். கிளை நுனியில் ஒட்டிய பறவை எத்தனை வீட்டு மேல்தட்டைத் தாங்கும்? காகம் இல்லாத எலியாவை வெறும் 'மரத்தடியில் முதியவர்' என்று விற்கிறார்கள். இப்படி ஒன்று கையில் வந்தால் கைக்கண்ணாடியை எடுத்து, கிளையிலும் மரத்தண்டிலும் ஒட்டுத் தழும்பைத் தேடுங்கள். என்னிடம் உள்ள ஒன்றில் இடது கிளையின் நடுவே பட்டாணி அளவுக்கு ஒரு சொரசொரப்பு. அங்கே மெருகு இல்லை, வெளுத்த மண் தெரிகிறது, நூற்றாண்டுப் புகையும் அழுக்கும் அந்த மண்ணுக்குள் இறங்கிக் கறுத்திருக்கிறது. அதைச் சுற்றி மெருகு வட்டமாக விளிம்பு கட்டி நிற்கிறது. அதாவது மெருகு போட்டபோது அங்கே ஏதோ இருந்தது, பிறகுதான் உடைந்தது. அதே கிளையின் மேற்புறம் இன்னொரு மேடு இருக்கிறது. அதன்மேல் மெருகு வழவழப்பாக ஓடியிருக்கிறது, மெருகுக்கு மேல் பூசும் எனாமல் வண்ணத்தின் பச்சைகூட ஏறியிருக்கிறது. அங்கே ஒட்ட நினைத்த பறவை மெருகுக்கு முன்பே விழுந்துவிட்டது, தொழிலாளி பொருட்படுத்தாமல் வண்ணம் அடித்துச் சூளைக்கு அனுப்பிவிட்டார். ஒரே கிளையில் ஒன்று உடைந்தது, ஒன்று பிறக்கவே இல்லை.

இந்தத் தழும்புப் பாடம் எலியாவுக்கு மட்டும் உரியதல்ல. பேதுருவின் திறவுகோல், ஆபிரகாமின் புதரில் சிக்கிய ஆட்டுக்கடா, தூதனின் செட்டை என்று காணாமற்போகும் அடையாளம் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு தழும்பை விட்டுப்போகும். மெருகற்ற தழும்பு என்றால் பிற்கால உடைப்பு. புத்தம் புதிதாகத் தெரியும் வெள்ளை மண் என்றால் போன வாரத்து உடைப்பு, விலையைக் குறைத்துக் கேளுங்கள். தழும்பே இருக்க வேண்டிய இடத்தில் அழகான பறவை உட்கார்ந்திருந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள். பழுதுபார்ப்பவர் பிசினில் செய்து ஒட்டியதாக இருக்கலாம். புறஊதா டார்ச் அடித்தால் பிற்காலப் பூச்சு பெரும்பாலும் சுற்றிலும் இருக்கும் மெருகிலிருந்து வேறு ஒளியில் தெரியும். டார்ச் இல்லாவிட்டால் விரல் போதும். பழைய மெருகு சில்லென்று இருக்கும், பிசின் உடனே கைச்சூட்டை வாங்கிக்கொள்ளும்.

எலியாவும் விதவையும் ஒரே கடையில் சேர்ந்து நின்றால் கணவன் மனைவி போல ஜோடியாகவே வந்தவர்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரே மாதிரி உருவத்தைப் பல சூளைகள் செய்தன. ஒரு சூளையின் எலியாவுக்கு வேறு சூளையின் விதவையைக் கட்டிவைப்பதே வழக்கம். பீடத்தின் விளிம்பு வேலை, மரத்தின் இலை, பச்சையின் சாயல் மூன்றும் இரண்டிலும் ஒத்துப்போனால்தான் பிறந்த ஜோடி. உயரம் ஒன்றாக இருப்பதை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

இப்போது இரண்டாவது கேள்வி: செய்தவர். பொறித்த பெயர் இருந்தால் அதிர்ஷ்டம். ஜான் வால்டன் 1820-களை ஒட்டி பர்ஸ்லெமில் தொழில் செய்தவர். பல உருவங்களின் முதுகில், சிறு சுருள் பட்டை மாதிரி ஒரு மேட்டில், 'வால்டன்' என்று பொறித்திருப்பார். ஹான்லியைச் சேர்ந்த ரால்ஃப் சால்ட்டும் அதேபோல் முதுகில் 'சால்ட்' என்று பொறித்தார். அவர்களுக்கு முந்தைய தலைமுறையில் ரால்ஃப் வுட், நீல் நிறுவனத்தார், லேக்கின் அண்ட் பூல் போன்றோர் சில உருவங்களில் பெயர் வைத்தார்கள். வைக்காதவர்களே அதிகம். மேலும், பெயர் இருப்பதாலேயே நம்பிவிட வேண்டியதும் இல்லை. பிற்காலத்தில் பழையதைப் போல் செய்து, வால்டனின் பெயரையும் சேர்த்துப் பொறித்தவர்கள் இருந்தார்கள். உருவம் பழையதா என்று முதலில் பாருங்கள், பெயரைப் பிறகு படியுங்கள்.

பெயரில்லாததை எப்படி ஒருவருக்கு உரியது என்று சொல்கிறார்கள்? பெயருள்ளதோடு ஒப்பிட்டுத்தான். ஒப்பிட வேண்டிய இடம் முகமல்ல. முகம் எல்லோரிடமும் ஒரே முகம்தான், கன்னத்தில் சிவப்பும் புருவத்தில் ஒரு கோடும். பின்னால் நிற்கும் மரத்தைப் பாருங்கள். பொக்காஜ் என்பார்கள். செல்சி, டார்பி ஆலைகளின் பீங்கான் உருவங்களிலிருந்து மண்ணுக்கு இறங்கிவந்த வழக்கம் அது. ஒவ்வொரு பட்டறையும் இலைக்கொத்துக்குத் தன் சொந்த அச்சை வைத்திருந்தது. ஒரு கொத்தில் எத்தனை இலை, இலையின் விளிம்பில் எத்தனை மடிப்பு, நரம்பு எங்கே தொடங்குகிறது, நடுவில் பூ இருந்தால் இதழ் எத்தனை, மொட்டு உண்டா இல்லையா என்று எண்ண வேண்டும். பூவை எண்ணிப் பார்க்கச் சொன்னால் சிரிக்கிறவர்கள், வாங்கும்போது மட்டும் அழுவார்கள். இலையோடு பீடத்தின் வடிவம், உடுப்பில் வரைந்த பூவேலை, பின்பக்கத்தை எப்படி முடித்திருக்கிறார்கள் என்பது வரை சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு அடையாளம் ஒத்துப்போனால் சும்மா குறித்துக்கொள்ளுங்கள். மூன்று நான்கு சேர்ந்து, பெயர் பொறித்த உருவம் ஒன்றோடு ஒத்துப்போனால், அந்தப் பெயரைச் சொல்லலாம். அப்போதும் 'உரியதாகக் கருதப்படுவது' என்ற அளவில்தான்.

இலை மட்டும் ஏன் போதாது என்றால், அச்சு ஊர் சுற்றும். பட்டறை நொடித்தால் அச்சுகள் கைமாறும். மாதிரி செய்து கொடுக்கும் கலைஞர் ஒரே மாதிரியை இரண்டு பேருக்குக் கொடுப்பார். அதற்கும் பொறுமையில்லாதவர், அடுத்தவர் செய்து முடித்த உருவத்தையே வாங்கிவந்து அதன்மேல் புது அச்சு எடுத்துவிடுவார். இந்தக் கடைசித் திருட்டைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஈர மண் காய்ந்து சூளையில் வெந்து வரும்போது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு சுருங்கும். ஆகவே உருவத்திலிருந்து எடுத்த அச்சில் பிறந்தது மூலத்தைவிடச் சிறியதாக இருக்கும், விரல் நகமும் தலைமுடிக் கோடும் மழுங்கியிருக்கும். நான் எப்போதும் சிறிய அளவுமானி ஒன்றை வைத்திருப்பேன். மொத்த உயரத்தை அளப்பதில் பயனில்லை, பீடம் மாறலாம், மரம் உடைந்திருக்கலாம். எலியாவின் மோவாய் முதல் முழங்கால் வரை, விதவையின் பீப்பாய் உயரம் என்று அச்சிலேயே சேர்ந்து வரும் பகுதியை அளந்து ஒப்பிடுங்கள்.

மேசைப் பீடத்துக்கு மறுபடி வருகிறேன். கால் வைத்த பீடங்களை ஷெராட் மட்டும் செய்யவில்லை, பலரும் செய்தார்கள். 'ஷெராட் பாணி' என்று எழுதினால் எனக்கு ஆட்சேபமில்லை. ஒரு ஏல நிறுவனம் அனுப்பிய பட்டியலில் ஆபிரகாம் உருவத்துக்கு 'ஓபடையா ஷெராட் செய்தது' என்று அடித்துச் சொல்லியிருந்தார்கள். எதை வைத்து என்று கேட்டு எழுதினேன். 'பீடத்தைப் பார்த்தாலே தெரியும்' என்று பதில் வந்தது. நான் கையைத் தூக்கவில்லை. உருவம் நல்ல உருவம்தான், பாணிக்குரிய விலைக்கு வந்திருந்தால் வாங்கியிருப்பேன்.

காலத்தைத் தீர்மானிப்பதற்கு மண்ணும் மெருகும் உதவும். உருவத்தைக் கவிழ்த்து, மடிப்புகளிலும் பீடத்தின் மூலைகளிலும் மெருகு தேங்கிய இடத்தைப் பாருங்கள். இலேசான மஞ்சள் தெரிந்தால் கிரீம்வேர் என்ற மண்பாண்ட வகை. நீலம் தெரிந்தால் பேர்ல்வேர். மெருகில் நீலம் தரும் கோபால்ட் சிறிது கலந்து மஞ்சளை மறைத்த வகை அது. வெட்ஜ்வுட் என்ற பெயர்பெற்ற குயவர் 1779-இல் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தார், மற்ற குயவர்களும் கையாண்டார்கள். நான் சொல்லும் பொக்காஜ் உருவங்களில் பெரும்பகுதி பேர்ல்வேர்தான். வண்ணம் மெருகுக்கு அடியில் இருந்தால், அதிலும் காவி, பழுப்பு, கரும்பச்சை, நீலம் என்ற நான்குக்குள் அடங்கினால், பிராட் வண்ணம் என்று சொல்வார்கள். 1790 முதல் 1820 வரையான காலத்தை ஒட்டியது. அது உதிராது. மெருகுக்கு மேல் எனாமல் பூசியிருந்தால் உதிரும். இருநூறு ஆண்டு கடந்த எனாமல் எங்குமே உதிராமல் பளபளத்தால் எனக்குச் சந்தோஷம் வராது, யார் புதிதாகப் பூசினார் என்ற கேள்விதான் வரும்.

1840-க்குப் பிறகு உற்பத்தி முறையே எளிதாகிவிட்டது. முன்பக்கம், பின்பக்கம், அடி என்று குறைந்த அச்சுகள், முதுகு தட்டை, வேலைப்பாடெல்லாம் முன்னால். ஃபிளாட்பேக் என்று அழைப்பது இவற்றைத்தான். மரமும் இலையும் போயிற்று. அடி மூடியிருக்கும், சூடான காற்று வெளியேற ஒரு சிறு துளை மட்டும் இருக்கும். விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை இருந்தால், உட்புறம் வெளிப்புறத்தின் ஏற்ற இறக்கத்தை அப்படியே பின்பற்றினால், மண்குழம்பை ஊற்றி எடுத்த பிற்கால நகல் என்று சந்தேகிக்கலாம். தங்கப் பூச்சு கண்ணைக் குத்துகிற மாதிரி மஞ்சளாக மின்னினால் 1880-களுக்குப் பிந்தியது, பழைய தங்கம் மங்கலாக, மென்மையாக இருக்கும். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. பர்ஸ்லெமின் வில்லியம் கென்ட் நிறுவனம் பழைய வடிவங்களை 1962 வரை தொடர்ந்து செய்துவந்தது. அதே ஊர், அதே வடிவம். அவற்றைப் போலி என்று சொல்வது அநியாயம். ஆனால் 1840 என்று சீட்டு ஒட்டி விற்பதும் அநியாயம்தான்.

மெருகில் மயிரிழை வெடிப்பு இருந்தாலே பழையது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. உண்மையான வெடிப்பு இடத்துக்கு இடம் மாறும், சில பழைய உருவங்களில் இருக்கவே இருக்காது. நகல் செய்கிறவர்கள் வேண்டுமென்றே வெடிக்கவைத்து, கோடுகளுக்குள் கறையேற்றி, உருவம் முழுக்க ஒரே சீராக வலை விரித்துவிடுவார்கள். அடிப்பக்கத் தேய்மானமும் அப்படித்தான். மேசையில் படும் விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் இயல்பு. மேசையே படாத உட்குழிவிலும் அழுக்குப் பூசியிருந்தால் யாரோ உழைத்திருக்கிறார்கள்.

கண் பழகுவதற்கு அருங்காட்சியகத்தைவிட நல்ல இடம் இல்லை. ஹான்லியில் உள்ள பாட்டரீஸ் அருங்காட்சியகத்துக்கு முதலில் போங்கள், அந்த மண்ணிலேயே வைத்திருக்கிறார்கள். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் மேல்மாடியில் மட்பாண்டக் கூடங்கள் இருக்கின்றன. கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்துக்கு கிளைஷர் என்ற கணித அறிஞர் தம் மட்பாண்டத் திரட்டை 1928-இல் விட்டுச்சென்றார். ஆங்கில மட்பாண்டத்துக்கு அது ஒரு கடல். பிரைட்டன் அருங்காட்சியகத்தில் ஹென்றி வில்லெட்டின் திரட்டு எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடித்தது, ஏனென்றால் அவர் சூளைவாரியாக அடுக்காமல் கருப்பொருள்வாரியாக அடுக்கினார். எங்கே போனாலும் கண்ணாடிப் பெட்டியின் பக்கவாட்டில் நின்று முதுகைப் பார்க்க முயலுங்கள். காவலர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

வாங்கிய பின் தண்ணீரில் ஊறவைக்க வேண்டாம். மெருகற்ற அடிப்பக்கம் தண்ணீரை உறிஞ்சும், பழைய ஒட்டு இளகும், எனாமல் கழன்று வரும். பஞ்சு சுற்றிய குச்சியை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்து, விரல் அகல இடத்தை மட்டும் துடைத்துப் பாருங்கள். வண்ணம் பஞ்சில் ஏறினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். தூக்கும்போது மரத்தையோ தலையையோ பிடிக்கக் கூடாது, பீடத்தின் அடியில் உள்ளங்கையைக் கொடுத்து மற்றக் கையால் உடலை அணைத்துத் தூக்க வேண்டும்.

தபாலில் வாங்குகிறீர்கள் என்றால் விற்பவரிடம் முன்கூட்டியே எழுதிச் சொல்லுங்கள்: குமிழ்த்தாளை நேரடியாக இலைகளின்மேல் இறுக்கிச் சுற்றக் கூடாது. அவர் பத்திரமாக அனுப்புகிறேன் என்று சுற்றும் அந்தச் சுற்றில்தான் இலை நுனி உடைகிறது. முதலில் அமிலமில்லாத மெல்லிய தாளைக் கசக்கி இலைகளுக்கு இடையே தளர்வாக நிரப்ப வேண்டும், பிறகு உருவத்தைச் சுற்றி மெத்தென்று ஓர் அடுக்கு, அதன்மேல் குமிழ்த்தாள், பிறகு பெட்டி, அந்தப் பெட்டியை இன்னொரு பெரிய பெட்டிக்குள் நான்கு பக்கமும் நிரப்புப் பொருள் வைத்து. பெட்டி வந்ததும் தாள்களைக் குப்பையில் போடுவதற்கு முன் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் உதறுங்கள். காகத்தின் அலகு அரிசியில் பாதி அளவுதான் இருக்கும்.